இரு மறைசாட்சியர் பெயர் தாங்கிய வெண்ரோஜா

லீலி மலரைக் கண்டால் புனித சூசையப்பரை நினைக்கிறோம். ரோஜாவைக் கண்டால் குழந்தை இயேசுவின் தெரசம்மாளை நினைக்கிறோம். மலரும் புனிதரும் நம் மனத்தில் இவ்வாறு இணைந்து நிற்பது பழகிப்போன ஒன்று. ஆயினும் கார்த்தேஜ் நகரில் விலங்குகளின் முன் நிறுத்தப்பட்ட இரு இளந்தாய்மாரின் பெயரை ஒரு கொடிரோஜா ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகச் சுமந்து வருகிறது என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் ‘பெலிசித்தே எ பெர்பெத்துய்’. பெலிசித்தாவும் பெர்பெத்துவாவும் என்பதே அதன் பொருள்.

பாரிஸ் மாநகரை அடுத்த நெய்யி என்னும் இடத்தில் ஓர்லேயான் கோமகன் லூயி பிலிப்புக்கு ஓர் அரண்மனையும் பரந்த தோட்டமும் இருந்தன. அத்தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் அந்துவான் ழாக். 1819-இல் இந்துமாக்கடலிலுள்ள பூர்போன் தீவிலிருந்து, இன்றைய ரெயூனியனிலிருந்து, பிரேயோன் என்பார் அனுப்பிய ரோஜா விதைகளை முளைக்கவைத்து, பூர்போன் ரோஜா இனத்தை ஐரோப்பாவுக்குத் தந்தவர் இவரே. நம் பூக்கடைகளில் கூறுகட்டி விற்கும் எட்வர்டு ரோஜாவையும் தோட்டக்கலை நூல்கள் அந்தப் பூர்போன் இனத்தில்தான் சேர்க்கின்றன. இது இடையே வந்த செய்தி. நம் பொருளுக்கு வருவோம்.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வேலிகளிலும் புதர்களிலும் தானாகப் படரும் காட்டுரோஜா ஒன்று உண்டு. குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத அதற்கு ‘என்றும் பசுமையானது’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அறிஞர் இட்டனர். ழாக் அதிலிருந்து பல கொடிரோஜாக்களை உருவாக்கினார். 1826-இல் வந்த ஒன்று ‘அதெலாயித் தோர்லேயான்’. கோமகனின் தங்கையும் அதெலாயித் என்ற பெயருடையவரே. 1829-இல் வந்தவை ‘இளவரசி லூயிஸ்’, ‘இளவரசி மரி’. கோமகனின் புதல்வியர் இருவர்க்கும் அவையே பெயர்கள். உண்ட வீட்டுக்கு நன்றி காட்டும் முறை அதுவென்று கொள்ளலாம். இவற்றுக்கிடையே, 1827-ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்ததே நம் வெண்ரோஜா. அதற்கு மட்டும் அரண்மனைப் பெயர் இல்லை.

இதற்குத் தோட்ட நூல்கள் வழிவழியாக ஒரு கதை சொல்லும். ழாக்கின் மனைவி கருவுற்றிருந்தாராம். பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரையே புதிய ரோஜாவுக்கு வைப்பதென்று அவர் எண்ணியிருக்க, பிறந்தவை இரட்டைப் பெண்குழந்தைகள். அவர்களுக்குப் பெலிசித்தா, பெர்பெத்துவா எனத் திருமுழுக்குப் பெயரிட்டு, ரோஜாவுக்கும் இரண்டையும் சேர்த்தே சூட்டினாராம். சொல்லச் சொல்ல இனிப்பேறிய கதை இது என்பதே நம் எண்ணம். ஆனால் ஒன்றை மறுப்பதற்கில்லை: இவ்விரு பெயர்களையும் ஒன்றாக உச்சரிக்க அத்தோட்டக்காரருக்குக் கற்பித்தது திருச்சபையின் திருவழிபாடே. உரோமைத் திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இவை அடுத்தடுத்து வருகின்றன. அங்கும் ரோஜாவிலும் பெலிசித்தாவின் பெயரே முதலில் நிற்கிறது. இந்த வரிசை ஏன் நம்மை நிறுத்துகிறது என்பதை உணர, கி.பி. 203-க்குச் செல்ல வேண்டும்.

செப்திமுசு செவேருசு உரோமைப் பேரரசராயிருந்த காலம் அது. வட ஆப்பிரிக்காவில் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த சிலர் பிடிக்கப்பட்டனர். விபியா பெர்பெத்துவா உயர்குடிப் பெண். வயது ஏறத்தாழ 22. கையில் பால்குடிக் குழந்தை. பெலிசித்தா அடிமை, எட்டு மாதக் கருவினள். ரெவொக்காத்து, சத்துர்னினு, செக்குந்துலு என்போரும் உடனிருந்தனர். இவர்களுக்கு மறை கற்பித்த சாத்துரு தாமே முன்வந்து கைதானார். சிறையில் பெர்பெத்துவா தம் கைப்பட எழுதிய குறிப்புகள் இன்றும் நம்மிடம் உள்ளன. கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்கு எஞ்சியவற்றுள் மிகப் பழையவை அவை எனலாம். இருளும் நெரிசலும் மிகுந்த அச்சிறை, குழந்தை தம்மிடம் விடப்பட்டதும் மாளிகையாயிற்று என்கிறார் அவர். நரைத்த தலையுடன் தந்தை வந்து காலில் விழுந்து கெஞ்சியதையும் மறைக்காமல் எழுதுகிறார். தந்தையின் துயரத்துக்காக வருந்துகிறார். ஆனால் தம் சொல்லை மாற்றவில்லை.

பெலிசித்தா ஒரு வரியும் எழுதவில்லை. அவரைப்பற்றி நாம் அறிவதெல்லாம் உடனிருந்தோர் எழுதியதே. கருவுற்ற பெண்ணைக் கொல்ல உரோமைச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே தோழர்கள் போனபின், முன்பின் அறியாக் குற்றவாளிகளோடு தனியே சாக நேருமோ என்பதே அவர் கவலை. காட்சிநாளுக்கு மூன்று நாள் முன்னர் எல்லாரும் கூடி மன்றாடினர். உடனே பேறுகால வலி கண்டது. வலியில் முனகியவரைச் சிறைக்காவலன் ஒருவன் எள்ளினான்: இதற்கே இப்படியென்றால் விலங்கின் முன் என்ன செய்வாய்? இன்று படுவதைத் தாமே படுவதாகவும், அன்றோ தமக்குள் மற்றொருவர் இருந்து தமக்காகப் பாடுபடுவார் என்றும் அவர் விடையிறுத்தார். பிறந்தது பெண்குழந்தை. சபைச் சகோதரி ஒருத்தி அதனைத் தன் மகளாக வளர்த்தாள். அம்மகளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

மார்ச் 7-ஆம் நாள் அரங்கில் இருவர்மேலும் ஒரு வெறிகொண்ட பசு ஏவப்பட்டது. முட்டித் தள்ளப்பட்டு விழுந்த பெர்பெத்துவா, தாம் எழுந்தவுடன் பெலிசித்தா கிடந்த இடம் சென்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பின்னர் இருவரும் சேர்ந்தே நின்றனர். குடிப்பிறந்தவள் அடிமைக்குக் கைகொடுத்த அந்தக் கணம் எந்தச் சட்டத்தாலும் வந்ததன்று. அடிமையின் பெயரை முதலில் வைத்துச் சொல்லும்போதெல்லாம் நாம் அதனை நினைத்தல் தகும்.

இவர்கள் வரலாற்றில் தோட்டமும் வருகிறது. பெர்பெத்துவா கண்ட காட்சியொன்றில், அகன்ற தோட்டத்தின் நடுவே வெண்தலை மேய்ப்பர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். பால்கட்டியில் ஒரு துண்டை அவர் கையில் தருகிறார். விழித்தபின்னும் நாவில் இனிமை நிற்கிறது. சாத்துரு கண்ட காட்சியில் சைப்ரஸ் மரம்போல் உயர்ந்த ரோஜா மரங்கள் நிற்கின்றன. அங்குள்ளோர் சொல்லொணா நறுமணத்தையே உணவாகக் கொண்டு நிறைவடைகின்றனர். ழாக் இதனைப் படித்திருப்பார் என்று நாம் கூறவில்லை. ஆயினும் பால்நிறமும் மணமும் மரம் தழுவும் உயரமும் கொண்ட ரோஜா இப்பெயரைப் பெற்றது நமக்கு இனிக்கவே செய்கிறது. ழாக் எடுத்தாண்ட காட்டுரோஜா துனீசியாவிலும், அதாவது பழைய கார்த்தேஜ் மண்ணிலும், இயல்பாக வளர்வது என்பது இன்னுமொரு செய்தி.

புனித அகுஸ்தினார் இவர்கள் திருநாளில் ஆற்றிய மறையுரைகளில், இரு பெயரையும் சேர்த்தால் ‘முடிவில்லாப் பேரின்பம்’ என்றாகும் நயத்தை எடுத்துக்காட்டுகிறார். இடையில் அவர்கள் வரலாற்று நூல் பல நூற்றாண்டுகள் மறைந்துகிடந்தது. மோந்தே கசீனோ மடத்து ஏட்டிலிருந்து லூக்காஸ் ஓல்ஸ்தே கண்டெடுக்க, 1663-இல் அது அச்சேறிற்று. 1907-இல் வெள்ளைக் குருக்கள் சபையைச் சார்ந்த தெலாத்ர் அடிகளார் கார்த்தேஜில் அகழ்ந்த பேராலய இடிபாடுகளில் இம்மறைசாட்சியர் பெயர் பொறித்த கல் கிடைத்தது. புனித தோமா அக்குவினார் திருநாளுக்கு இடம்விட்டு, 1908-இல் மார்ச் 6-க்கு மாற்றப்பட்ட இவர்கள் நினைவுநாள், 1969-இன் திருத்தத்தில் மீண்டும் மார்ச் 7-க்கே வந்தது.

இனி ரோஜாவைப்பற்றி. மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல். விரிந்தால் பாலேட்டு வெண்மை. மலர் சிறிது, சிறு பந்துபோல் இதழ் நெருங்கிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். மணம் மென்மையானது. ஐரோப்பியத் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, வேனில் நடுவில், சில வாரங்கள் மட்டுமே பூக்கும். அந்தச் சில வாரமும் இலை தெரியாது. வீட்டுத் தோட்டத்தில் சோம்பேறிக்கும் ஏற்ற ரோஜா இது: வளமற்ற மண்ணிலும் வளரும், வெயில் குறைந்த வடக்குச் சுவரிலும் ஏறும், 5 மீட்டர் வரை படரும். இலை பளபளப்பானது, குளிர் மிதமாயிருந்தால் பெரும்பாலும் உதிராது. கடுமையாகக் கவாத்து செய்பவர்களே ஏமாறுவர். பூ வருவது முந்தைய ஆண்டுக் கொடியின் பக்கக் கிளைகளில். பூத்து முடிந்ததும் முதிர்ந்த தண்டு இரண்டொன்றை அடியில் அறுத்துவிட்டு, மற்றவற்றை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மிகுதியாகப் போத்து வெட்டி, மூன்றில் இரு பங்கு மண்ணில் புதையும்படி ஊன்றினால் வேர்விடும்.

லூயி பிலிப் 1830-இல் பிரெஞ்சு மக்களின் அரசரானார். 1848 பெப்ருவரிப் புரட்சியில் முடி துறந்து இங்கிலாந்துக்கு ஓடினார். அவர் ஓடிய மறுநாளே நெய்யி அரண்மனை சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. அதற்குள் தோட்டக்காரரின் ரோஜா போத்துகளாகவும் ஒட்டுகளாகவும் வேலி தாண்டிப் பல நாடுகளுக்குப் போய்விட்டிருந்தது. அதன் கிளையொன்றில் தானாகத் தோன்றிய குட்டை வகையை 1879-இல் நியூயார்க்கு வணிகர் பீட்டர் ஹெண்டர்சன் வெளியிட்டார். முழங்கால் உயரமே வளரும் அது, தாய்க்கொடியைப் போலன்றிப் பனி விழும்வரை பூத்துக்கொண்டேயிருக்கும். சிறு தொட்டியும் அதற்குப் போதும்.