கங்காணியும் கண்காணிப்பும்: ஒரு சொல்லின் தொழில் வரலாறு

1. முன்னுரை

தொழில் தருநர் தம்மிடம் பணிபுரிவோரை எந்த அளவுக்குப் பார்க்கலாம், எதைப் பார்த்தல் ஆகாது என்னும் வினா இன்று சட்ட நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது. தமிழில் இவ்வினாவை எழுப்பப் பயன்படும் ‘கண்காணிப்பு’ என்னும் சொல் புதிய கலைச்சொல் அன்று. தொழிலாளர் வாழ்வில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் புழங்கிய ‘கங்காணி’யின் உறவுச்சொல் அது. அவ்வுறவை ஆராய்வதும், அதனால் மொழிபெயர்ப்பாளருக்கு விளையும் பொறுப்பைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லமைப்பும் பழைய ஆட்சியும்

‘கண்’ என்னும் பெயரும் ‘காண்’ என்னும் வினையடியும் இகர விகுதி பெற்றுக் ‘கண்காணி’ ஆயின. ணகர மெய் பின்வரும் ககரத்திற்கு இனமான ஙகரமாக மாறியதால் பேச்சு வழக்கில் ‘கங்காணி’ பிறந்தது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாகேஸ்வரக் கண்காணி’ என்னும் தொடர் பயில்கிறது. கோயில் நிர்வாகமும் கொடைகளும் முறையாக நடைபெறுகின்றனவா எனப் பார்ப்பது அவர்தம் கடமை. திருமந்திரமோ எங்கும் நிறைந்த இறைவனையே கண்காணி என்கிறது. ஆகவே பழைய ஆட்சியில் இச்சொல் அறச்சார்புடையது. பொதுச்சொத்தைக் கையாள்வோர்மீது படிந்த பார்வை அது.

இச்சொல் பிறமொழிகளிலும் குடியேறியது. சிங்களத்தில் ‘கங்கானம்கே’ என்னும் குடும்பப் பெயர் மேலாள் பதவிப் பெயரிலிருந்து வந்தது. ஆங்கில அகராதிகளும் ‘கங்காணி’யை ஏற்றுள்ளன.

3. தோட்டத்தில் திரும்பிய பார்வை

1830களில் இலங்கையில் காப்பிப் பயிர் பெருகியபோது சென்னை மாகாணத்து ஊர்களிலிருந்து ஆள் திரட்டியவரும், தோட்டத்தில் அவர்களை மேய்த்தவரும் கங்காணியே. பிற்காலத் தேயிலைத் தோட்டங்களிலும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும், திருவிதாங்கூர் மலைநாட்டிலும் இம்முறை பரவியது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள் கணக்கில் கங்காணிக்குச் சிறு தொகை கிடைத்தது. ஆதலால் ஒருவர் நோயுற்றாலும் ஒளிந்துகொண்டாலும் இழப்பு கங்காணிக்கே. பார்வையில் அவருக்குப் பணநலன் இருந்தது; அப்பார்வை ஓயாமைக்கு இதுவே காரணம்.

தோட்டத் தமிழின் சொற்கள் இம்முறையைத் துல்லியமாகப் பதிவு செய்துள்ளன. விடியலில் தப்பு ஒலித்ததும் ஆட்கள் திரண்டு நிற்பது ‘பெரட்டு’. வருகைப் பதிவேடு ‘செக்ரோல்’. ஒருநாள் கூலி ‘பேர்’ எனப்பட்டது. பறித்த கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ மட்டுமே விழும். ஏட்டில் எழுதப்படும் பெயரும் கூலியும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டமை கருதத்தக்கது. ஒரு கூட்டத்தின் கடன் தொகையைக் காட்டும் ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர உதவியது. கடனையும் உடன் கொண்டு சென்றது. 1921இல் சட்டம் இதனை ஒழித்தது.

வேலை முடிந்த பின்னும் பார்வை முடியவில்லை. குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பெரும்பாலும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் நிர்வாகத்தின் செய்தியாயின. வேலை போனால் வீடும் போயிற்று. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட அக்காலத்தில், பின்னர் 1931இல் தொழிலாளர் சம்மேளனம் நிறுவிய கோ. நடேசய்யர் துணி வணிகர்போல் உருமாறித் தோட்டங்களுக்குள் சென்றார் எனக் கூறுவர். தொழிலாளரிடம் தனியே நாலு வார்த்தை பேசவும் மாறுவேடம் வேண்டியிருந்தது என்பது இதனால் புலனாகும்.

1938இல் மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் குடிப்பெயர்ச்சியை இந்திய அரசு தடுத்ததும் அங்கே கங்காணி வழி ஆள்சேர்ப்பு முடிவுற்றது. பழைய கண்காணி உடையோரைப் பார்த்தார். தோட்டத்துக் கங்காணி இல்லாதோரைப் பார்த்தார். சொல் ஒன்றே, பார்வையின் திசை மாறிவிட்டது.

4. எல்லையூரும் இரு சொற்களும்

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தின் தென்கோடிக் கடற்கரையூரான பொழியூரில் எல்லைக்கோட்டின் இருபுறமும் இரு மொழிகள் அருகருகே வழங்குகின்றன. மலையாளத்தார் ‘நிரீக்ஷணம்’ என்பதைத் தமிழர் ‘கண்காணிப்பு’ என்பர். முன்னது விண்மீனைப் பார்ப்பதற்கும் ஆகும் நடுநிலைச் சொல். பின்னதில் தோட்டத்தின் நினைவு உள்ளது. ‘சுவகார்யத’ என்பதற்கு நேராகத் தமிழில் ‘அந்தரங்கம்’, ‘தனியுரிமை’ என இரண்டு உள. ‘அந்தரங்கம்’ மறைக்கத்தக்கதொன்று உண்டு என்னும் ஐயத்தை எழுப்பும். ‘தனியுரிமை’ ஏகபோக உரிமை என்றும் பொருள்படும்.

இவ்வேறுபாடு சட்டத்தில் உயிர்ப்பிரச்சினையாகிறது. 1962இல் கரக் சிங் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், காவலர் இரவில் வீடு புகுந்து சோதிப்பதை நீக்கியது; ஆயினும் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. 2017 ஆகஸ்டு 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை ஏற்றது. எனினும் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பணியமர்த்தலுக்காகவும் தொழில் தருநரை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தரவுகளை ஒப்புதலின்றிக் கையாள இடமளிக்கிறது. காப்பு நாடும் தரப்பு எது என்பதை இவ்வாசகமே காட்டும்.

5. முடிவுரை

பணி ஒப்பந்தங்களைத் தமிழாக்குவோர் ‘மேற்பார்வை’ என்று எழுதினால் வேலை மட்டுமே பார்க்கப்படும் எனத் தொழிலாளி கொள்வார். வேலையோடு அவரது நடமாட்டம், உரையாடல், ஓய்வு ஆகியனவும் பதிவாகுமாயின் ‘கண்காணிப்பு’ என்பதே நேர்மையான பெயர்ப்பு. அச்சொல்லின் கடுமை மொழிபெயர்ப்பின் குறையன்று. அதன் வரலாறு தந்தது. படித்துக் கையொப்பமிடுவோர் தாம் எதற்கு இசைகிறோம் என அறிய அக்கடுமை உதவும். அதனை மென்மையாக்குதல் பொருளை மறைத்தலாகும்.