எழுதிக்கொடுத்தவரும் கொடுக்காதவரும்

'அவங்க பிரெஞ்சு நேஷனல், நாங்க இந்தியா.' கோட்டுச்சேரியில் நான் கேட்டு வளர்ந்த பேச்சு. ஒரே தெரு, சில சமயம் ஒரே வயிறு. இதில் விசுவாசத்தையும் துரோகத்தையும் தேடியவர்கள் உண்டு. எனக்கென்னவோ இது படிவத்தின் வேலை.

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதிவழக்குச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்தவர் 'ரெனோன்சான்'. பொன்னுத்தம்பி 'லாப்போர்த்' ஆனார். 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றானது: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். மூன்றாமவர் எதையும் அறிவிக்கவில்லை. வாய் திறக்காமலே வகைக்குள் விழுந்தார்.

இன்று தரவுகளுக்குப் பொருள் சேர்க்கும் ஆர்.டி.எஃப். முறையில் வகையை வெளிப்படையாக எழுதலாம், உறவுகளிலிருந்து ஊகிக்கவும் விடலாம். ஆனால் அங்கே சொல்லாதது 'இல்லை' ஆகிவிடாது, தெரியாது, அவ்வளவுதான். அரசின் படிவத்துக்கு அந்தப் பொறுமை ஏது?

1962 ஆகஸ்ட் 16இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே வசித்தவர், பிரெஞ்சாக நீடிக்க ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும், இல்லையேல் இந்தியர். பகுதிக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களோ எழுதாமலே பிரெஞ்சு! நம்மிடம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அம்மாவின் ஊர் பொறையாறு என்றால், வயது வந்த இரு பிள்ளைகளில் அங்கே பிறந்த மூத்தவன் பிரெஞ்சு. கோட்டுச்சேரியில் பிறந்து, சும்மா இருந்த இளையவன் இந்தியன். இருவருமே எதிலும் கையெழுத்துப் போடவில்லை.