செசின்கோட்டின் கண்ணாடி மாளிகை: வரைபடம் எடுத்துச் சென்றதும் விட்டுச் சென்றதும்

சரோஜினி நகரிலிருந்து வடகிழக்கே நடந்தே சென்றடையும் தொலைவில் சப்தர்ஜங் கல்லறை நிற்கிறது. அதன் மூலைக் கோபுரங்களின் உச்சியிலுள்ள சத்ரிகளுக்கு இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் உறவினர்கள் உண்டு. அங்குள்ள செசின்கோட் என்னும் நாட்டுப்புற மாளிகை 1805ஆம் ஆண்டளவில் முகலாயத் தோற்றத்தில் எழும்பத் தொடங்கியது. உரிமையாளர் சார்லஸ் காக்கரெல், கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் வங்காளத்தில் பொருளீட்டியவர். வடிவமைத்தவர் அவருடைய சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல். இந்தியாவுக்கு வந்தே அறியாதவர்.

அவருக்குக் கண்ணாக இருந்தவை ஓவியங்கள். தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் பயணம் செய்தனர். 1789இல் தில்லிக்கு வந்தனர். பின்னர் மதுரை வரையிலும் சென்றனர். செசின்கோட்டுக்கு ஆலோசகராகவும் அமைந்தவர் தாமஸ். அம்மாளிகை தொடர்பான வரைபடங்கள் இன்று இலண்டனில், அரச பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவனச் சேகரிப்பில் உள்ளன.

இதனை 'இந்தியத் தாக்கம்' என்ற ஒற்றைச் சொல்லால் பாடநூல்கள் கடந்து விடுகின்றன. அச்சொல் போதாது என்பதே என் கருத்து. டேனியல்கள் தீட்டியவை பெரும்பாலும் காட்சிப்படங்கள். தரைப்படமோ வெட்டுத்தோற்றமோ அல்ல. தூரத்திலிருந்து நோக்கும் கண்ணுக்குப் புலப்படுவது முகப்பு மட்டுமே. ஒரு கல் ஏன் அத்தனை நீளம் வெளியே நீட்டப்பட்டது என்பதைக் காட்சிப்படம் சொல்லாது.

சஜ்ஜாவையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கொத்தனார் 'சன்ஷேடு' என்பாரே, ஏறத்தாழ அதுதான். தில்லியின் கோடை வெயிலையும் மழையையும் சுவரிலிருந்து விலக்கி நிறுத்துவது அதன் வேலை. செசின்கோட்டில் அதே சஜ்ஜா, வெயிலுக்கு ஏங்கும் நாட்டில், அணிகலனாக மாட்டப்பட்டது. அதே மாளிகையிலிருந்து வில்லாக வளைந்து செல்கிறது ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்கும் கண்ணாடி மாளிகை. அதற்கோ கிடைக்கும் வெயில் முழுவதும் வேண்டும். நிழலுக்காகப் பிறந்த வடிவமும் வெயிலுக்காகப் பிறந்த வடிவமும் ஒரே முகப்பில் அருகருகே நிற்கின்றன. வளைவுகளின் விளிம்பு மட்டுமே முகலாயம். வில்போன்ற பக்கச் சிறகு, பல்லாடியன் மரபில் வந்த ஆங்கில மாளிகைகளுக்கு உரியது.

(அம்மரத்தின் பெயரும் பயணப்பட்டதே. 'ஆரஞ்சு' என்னும் சொல்லின் மூலத்தை மொழியியலார் பலர் நம் 'நாரத்தை'யின் குடும்பத்தில் காண்கின்றனர்.)

அக்காலக் கண்ணாடி மாளிகைகளில் கல்லின் பங்கு மிகுந்திருந்ததற்கு வரியும் ஒரு காரணம். பிரிட்டனில் 1745இல் விதிக்கப்பட்ட கண்ணாடித் தீர்வை 1845இல்தான் நீங்கியது. இரும்பும் கண்ணாடியும் தாராளமாகப் பெருகியது அதன் பின்னரே. 1851இன் கிரிஸ்டல் பேலஸ் அதன் உச்சம்.

1807இல் இளவரசர் ஜார்ஜ் செசின்கோட்டைப் பார்வையிட்டார். பிரைட்டன் அரண்மனைக் குவிமாடங்களுக்கு அது ஒரு தூண்டுதல். எதிர்த்திசைப் பயணமும் நிகழ்ந்தது. கிரிஸ்டல் பேலஸை நினைவூட்டும் கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று பெங்களூரு லால்பாக்கில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆங்கிலக் குளிர் இல்லாத ஊர் அது. காக்க வேண்டிய ஆரஞ்சு மரமும் அங்கில்லை. ஆகவே அம்மாளிகை மலர்க் கண்காட்சிக் கூடமாயிற்று.