வேப்பம்பூ குறித்த நாள்

சென்னையின் தெற்குப் புறநகரான கீழ்க்கட்டளையில் ஏரி இருக்கிறது, ஏரி பாய்ந்த வயல் இல்லை. நிறைந்தால் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய்ச் சேரும். நீர்வழி இன்றும் அதே வழிதான், இடையில் இருந்த கழனிகள்தான் மனைகளாகிவிட்டன. பல்லாவரம் நகராட்சியோடு இருந்த ஊர் 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. ஏர் பூட்டுகிறவர் இல்லாத இப்படியொரு புறநகரில் பருவத்தை ஒட்டிய பண்டிகைகள் பெயரளவுக்குச் சுருங்கிப்போயிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பொங்கலைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கரும்பு, மஞ்சள் கொத்து, புத்தரிசி எல்லாமே கடையில் வாங்கினால்தான். ஆனால் சித்திரை முதல் நாளில் வீட்டோடு கூடி உண்ணும் சாப்பாடு அப்படித் தளரவில்லை. அந்தச் சாப்பாடு வயலை நம்பிப் பிறந்ததில்லை, மரத்தை நம்பிப் பிறந்தது. அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இந்த ஊரை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும், ஏரி நிறையும், தை, மாசியில் அறுவடை முடியும். சித்திரை பிறக்கும்போது ஏரியில் நீர் வற்றிக்கொண்டிருக்கும், கழனி வெறுமையாகக் கிடக்கும். வயல் தருவதற்கு ஒன்றும் இல்லாத அந்த நாட்களில்தான் மாவில் காய் திரண்டு தொங்கும், வேம்பு பூத்துச் சொரியும். வேப்பம்பூவைப் பறிப்பதில்லை, பொறுக்குவதுதான் வழக்கம். முதல் நாள் சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கிப் பழைய வேட்டி ஒன்றை விரித்துவைத்தால், விடியும்போது அரிசி நொய் போலச் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். முறத்தில் இட்டுக் காம்பும் சருகும் போகப் புடைத்து, நிழலில் உலர்த்தி, நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து எடுப்பார்கள். மாங்காயை மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டி, மேலே அந்தப் பூவைத் தூவினால் பச்சடி. இலையில் வடை, பாயசம், போளி என்று எத்தனை இருந்தாலும் அன்றைய நாளைச் சொல்வது ஓரத்தில் வைக்கும் அந்த ஒரு கரண்டிப் பச்சடிதான். மஞ்சளும் தாளிப்பும் போக, வெல்லம் ஒன்றுதான் அதில் வயலிலிருந்து வந்தது. அதுவும் கரும்பு வெட்டி முடிந்தபின் காய்ச்சிப் பானையில் சேமித்தது.

இந்தப் பச்சடி சித்திரை முதல் நாளுக்காகவே ஏற்பட்டது என்று சொல்லலாமே என்றால், பக்கத்து வீட்டுச் சமையலறை அதை மறுக்கிறது. சென்னையின் தெற்குப் புறநகர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய யுகாதி சந்திரனைக் கணக்கிடும் பஞ்சாங்கப்படி வருவது, நம்முடையது சூரியனை ஒட்டியது. 2023இல் யுகாதி மார்ச் 22, தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. அடுத்த ஆண்டு யுகாதி ஏப்ரல் 9க்கு நகர்ந்துவிட்டது. இடைவெளி மூன்று வாரத்திலிருந்து ஐந்து நாளாகச் சுருங்கினாலும் இரு வீட்டிலும் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ மாறவில்லை. மறுபக்கம் மலையாளிகளின் விஷுவைப் பாருங்கள். அதுவும் சூரியன் மேட ராசிக்குள் புகுவதை வைத்து வருவதுதான். ஆனால் அங்கே முதலிடம் கொன்றைப்பூவுக்கும் கனிவெள்ளரிக்கும் பலாவுக்கும். மழை மிகுந்த அந்த நிலத்தில் வேம்பு இங்குபோல் தெருவுக்குத் தெரு நிற்கும் மரமில்லை. கணக்கு வேறானாலும் மரம் ஒன்றாக இருந்தால் பண்டம் ஒன்றாகிறது; கணக்கு ஒன்றானாலும் மரம் மாறினால் பண்டமும் மாறிவிடுகிறது. எதைச் சமைப்பது என்று தீர்மானித்தது பஞ்சாங்கமா மரமா என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விஜயநகர ஆட்சிக் காலம் முதல் தெலுங்குக் குடிகள் இந்தச் சீமையில் வாழ்ந்துவருவதால், ஒருவரைப் பார்த்து மற்றவர் சமைத்திருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. சமைத்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கன்னட வீடுகளில் யுகாதி அன்று வேம்பும் வெல்லமும் தருகிறார்கள், மராட்டியர் தங்கள் புத்தாண்டான குடி பாட்வா அன்று வேப்பந்தளிரை உண்கிறார்கள். வேம்பு செழிக்கும் தக்காண வெளி முழுக்க இந்தக் கசப்பு பரவியிருக்கிறது. இரவல் வாங்கிய வழக்கமும் கைக்கெட்டும் இடத்தில் மரம் இருந்தால்தான் வேர் பிடிக்கும். கலப்பே இல்லாத தொன்மை என்ற பேச்சும் இங்கே நிற்காது. பச்சடிக்குக் காரம் தரும் மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தபின் நம் நாட்டுக்கு வந்த பொருள். அதற்குமுன் காரம் என்றால் மிளகு. பச்சடியின் ஆறு சுவையில் ஒன்று ஆள் மாறியிருக்கிறது, வேம்பும் மாவும் மட்டும் இடம்விட்டு அசையவில்லை.

நாளைக் குறிப்பது பஞ்சாங்கமும் கோயிலும் அரசும்தானே, அடுப்படிக்கு அதில் என்ன அதிகாரம் என்பது இதைவிடக் கனமான கேள்வி. மேடத்தை முதலாகக் கொண்டு ஞாயிறு சுற்றிவருவதை நெடுநல்வாடையே குறிக்கிறது. ஆனால் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஆண்டை ஆவணியில் தொடங்குகிறார். அறிஞர்களுக்குள் அன்றே இரண்டு கணக்கு இருந்திருக்கிறது. நம் காலத்தில் 2008இல் தமிழக அரசு தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது, 2011இல் அடுத்து வந்த அரசு அதை நீக்கியது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்களும் வடமொழி என்ற வருத்தம் அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தது. அந்த வருத்தம் நியாயமானது, நான் அதை எளிதாகத் தள்ளமாட்டேன். ஆயினும் சட்டம் இருந்த ஆண்டுகளிலும் ஏப்ரல் நடுவில் வீடுகளில் மாங்காய் வெந்தது. ஆண்டின் பெயரை அறியாமலே பச்சடி செய்யலாம், பூ இல்லாமல் செய்ய முடியாது. பஞ்சாங்கக் கணக்கும் அசையாத ஒன்றில்லை. நட்சத்திரங்களை வைத்து எண்ணும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டது. அதனால் சித்திரை முதல் நாள் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் கோடையை நோக்கி நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளை ஒட்டியிருந்தது இன்று மூன்று வாரம் தாண்டி நிற்கிறது. வேம்போ பங்குனியில் பூக்கத் தொடங்கிச் சித்திரையிலும் சொரிகிறது. அந்த வீச்சுக்குள் நாள் இருக்கிறவரைதான் பச்சடிக்குப் புதுப்பூ கிடைக்கும்.

உலர்ந்த வேப்பம்பூ இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறது, மாங்காய் கோயம்பேட்டிலிருந்து வருகிறது, மரம் எதற்கு என்பார்கள். பாக்கெட் பூ ஆண்டு முழுதும் கடையில் இருக்கும். அதை வைத்து ஆடியிலும் ரசம் வைக்கலாம், வைக்கிறார்கள். ஆனால் அது எப்போதும் கிடைப்பதாலேயே எந்த நாளையும் குறிக்காது. கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியபின் இந்தப் பக்கம் குடிவந்தவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் நெல்லையிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் நிலத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. வந்த இடத்தில் வேம்பு நின்றது, அதனால் சமையல் தொடர்ந்தது. இன்று கீழ்க்கட்டளை வழியாக மெட்ரோ பாதை எழுகிறது, மனைகள் அடுக்ககங்களாகின்றன. ஒவ்வொரு இடிப்பிலும் முதலில் போவது கொல்லைப்புற மரம். ஏரிக்கரையிலும் தெருவோரத்திலும் எந்தக் கன்றை நடுவது என்று மாநகராட்சி முடிவெடுக்கும்போது, சீக்கிரம் வளர்கிறது என்பதற்காக அயல்மரங்களைத் தேர்ந்தெடுக்காமல் வேம்பை நடவேண்டும். நிழலுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை, பங்குனிக் கடைசியில் அதன் அடியில் ஒரு வேட்டி விரிக்க இடம் வேண்டும் என்பதற்காகவும் கேட்கிறேன்.