பயாஸ் பூட்டு: அன்று எடு, இன்று போடு!

புதிய விண்டோஸ் போடும் முன் பயாஸுக்குள் போய் ஒரு செட்டிங்கைப் பார்க்க வேண்டும் என்பது இன்று வந்த பழக்கம் அல்ல. ஆனால் அன்று பார்த்தது அதை அணைப்பதற்கு, இன்று பார்ப்பது அதை இயக்குவதற்கு!

1990களில் ஹார்ட் டிஸ்கின் பூட் செக்டாரில் ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் ஏராளம். அவற்றைத் தடுக்க அவார்டு பயாஸில் 'வைரஸ் வார்னிங்' என்றொரு வசதி இருந்தது. அந்த இடத்தில் எது எழுத முயன்றாலும் எச்சரிக்கும். விண்டோஸ் 95-ஐ நிறுவும்போதும் அங்கேதான் எழுத வேண்டும். வருவது திருடனா, வீட்டுக்காரரா என்று பயாஸுக்குத் தெரியாது. அதனால், நிறுவும் முன் அதை அணைத்துவிடச் சொன்னார்கள்.

அடுத்து, பயாஸே தாக்கப்பட்டது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதி 1998-ல் பரவிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. அப்படிப் பாதித்த கணினிகள் ஆன் ஆகவே இல்லை. தென்கொரியாவில் பாதிப்பு மிக அதிகம்.

பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ, திருடனை அடையாளம் காண ஒரு வழி கண்டது. அதுதான் 2012-ல் விண்டோஸ் 8 உடன் பரவலான 'செக்யூர் பூட்'. பூட் ஆகும் நிரலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, சரியாக இருந்தால்தான் உள்ளே விடும். இனி நிறுவுவதற்காகக் காவலரை வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

2021 அக்டோபர் 5-ல் வெளியான விண்டோஸ் 11, செக்யூர் பூட் வசதியும் டிபிஎம் 2.0-வும் வேண்டும் என்றது. பல கணினிகளில் டிபிஎம் பிராசஸரிலேயே இருந்தும் அணைந்து கிடந்தது. இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். இது தெரியாதவருக்கு நல்ல கணினியும் தகுதியற்றதாகத் தெரிந்தது. ஒரு செட்டிங்கில் தீர வேண்டியது, புதுக் கணினிச் செலவில் முடியலாம்!

அவசரமும் ஆபத்து. பிட்லாக்கர் உள்ள கணினியில் இவற்றை மாற்றினால் மீட்புக் குறியீடு கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் கோப்புகள் போனதுதான். எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றாமல் யூஇஎஃப்ஐக்குத் தாவினால் விண்டோஸ் பூட் ஆகாது.

முதலில் பேக்கப், பிறகு மீட்புக் குறியீடு, அதன் பிறகே செட்டிங். பூட்டைப் போடும் முன் சாவி எங்கே என்று பார்த்துக்கொள்வது நல்லது!