இடைச்செருகல்களின் வரலாறு: சேர்வராயன் மலையும் ஒரு பழைய புல்லட்டும்

சேலத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. சென்ற வருஷம் அவர் பட்டறைக்குப் போனபோது வாசலில் ஒரு புல்லட்டை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தார். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவருடைய வண்டி, 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. உரிமையாளர் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: 'எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்.' எனவே மெக்கானிக் கழற்றிய சாமான்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் விரித்த கோணியில் கம்பெனி சாமான்கள். இன்னொரு பக்கம் ஒரு சாக்குப் பையில், லேத்தில் கடைந்த புஷ்கள், லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்த ஒரு கவ்வி, தகரத்தில் மடித்துச் செய்த டூல்பாக்ஸ் மூடி, வேறெந்த வண்டியிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கார்ப்பரேட்டர்.

'இதெல்லாம் நாம் போட்டதுங்க தம்பி. சிலது எங்க குரு போட்டது. இப்ப நானே கழட்டறேன்' என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தமெல்லாம் இல்லை. வருத்தப்பட்டவன் நான்தான். அந்த வருத்தம் எவ்வளவு நியாயமானது என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த 'ஒரிஜினல்' என்ற சொல். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது பழக்கமான வியாதி. மூலபாடம் எது, பாடபேதம் எது, எது இடைச்செருகல் என்று இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாங்கள். ஆசிரியன் கையிலிருந்து வந்த தூய பிரதி ஒன்று எங்கோ இருக்கிறது, ஏடெழுதியவர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள், கெட்டதைச் சுரண்டி எடுத்துவிட்டால் அது மறுபடி பளிச்சென்று கிடைத்துவிடும் என்பது பதிப்பின் பழைய கனவு. பழைய வண்டிகளை மீட்டெடுப்பவர்களும் இதே கனவைத்தான் காண்கிறார்கள். ஏடெழுதியவனுடைய இடத்தில் இங்கே மெக்கானிக் நிற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் புல்லட்டுக்கு மூலம் எது? ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரின் கம்பெனி. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை ஒட்டி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியுடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா உருவாகி, இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிகளைத் திருவொற்றியூரில் பூட்டி வண்டியாக்கியது. 1960களின் தொடக்கத்துக்குள் உதிரிகள் அனைத்தும் இங்கேயே தயாராகின. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது, 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோயிற்று. 1977இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. நகல் உயிரோடிருந்து, மூலத்தின் ஊருக்கே மூலமாகத் திரும்பிப் போயிருக்கிறது! நகலெடுத்தலைப் பற்றியும் மூலத்தின் 'ஒளிவட்டம்' பற்றியும் 1930களில் எழுதிய வால்டர் பென்யமினுக்கு இந்த விநோதம் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆகவே, 1968 வண்டியை 'ஒரிஜினல்' ஆக்குவது என்றால் எங்கே போய் நிற்பது? ரெட்டிச்சிலா, திருவொற்றியூரிலா, சேலத்து லேத் பட்டறையிலா?

இந்தக் கேள்வியை மலைமேல் ஏற்றிப் பார்க்கவேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒரு எஞ்சினின் உண்மையெல்லாம் இந்த இருபது வளைவுகளில் வெளிவந்துவிடும். ஏறும்போது முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே வண்டி மூச்சு வாங்கும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினவன் கெட்டான், கியரில் பிடித்துத்தான் இறக்கவேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அதில் பழகினவன் புது வண்டியில் ஏறி வளைவில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். உடம்பில் ஏறிய பழக்கம் அது, சட்டென்று இறங்காது.

இந்த மலையின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் ஏறி வந்தவர்களின் வரலாறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார், கிரேஞ்ச் எஸ்டேட் உருவாயிற்று. பின்னால் பாதிரிமார்கள், கான்வென்டுகள், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. மலைவாசத்தலங்கள் எல்லாவற்றிலும் போலவே மோட்டாருக்கு முன்னால் துரைமார்கள் ஏறியது நாற்காலியிலும் மட்டக்குதிரையிலும். அந்த நாற்காலியின் 'எஞ்சின்' யார் என்று நாம் கேட்பதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் பிரிந்தார்கள் என்று தங்கள் வரவைக் கதையாகச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் இந்த மலையில் நடந்தார்கள், சுமந்தார்கள். சாலை அவர்களுடைய காட்டின் ஊடாகப் போயிற்று. சாலையில் போன வண்டி அவர்களுடையதாக இல்லை. தலைச்சோலைப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தால், யாருக்கு வண்டி, யாருக்குக் கால் என்ற பங்கீடு முழுசாக மாறிவிட்டதென்று சொல்லத் தோன்றவில்லை. இருசக்கர வண்டிகள் பெருகிவிட்டன, உண்மைதான். கடனில் வந்த மொபெட்டுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை.

எஸ்டேட்டுகளுக்கு ஜீப் வந்தது. உலக யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட 'டிஸ்போசல்' வண்டிகள் ஒரு பக்கம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா மறுபக்கம். பெட்ரோலில் ஓடியதற்கு டீசல் எஞ்சினை மாற்றிப் பூட்டுவது பட்டறைகளின் பெரிய வித்தையாக இருந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையின் பாக்சைட் லாரி லாரியாக இறங்கிய காலமும் உண்டு. கீழே சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலின் ஊர்கள். ஸ்பிரிங் பட்டையும் பாடி கட்டும் கைகளும் லேத்துகளும் இந்த வட்டாரத்தில் குவிந்தது தற்செயலல்ல. நம் புல்லட்டின் கவ்வி ஒரு லாரியின் எலும்பிலிருந்து வந்தது என்பதில் ஒரு பிரதேசத்தின் பொருளாதாரமே எழுதியிருக்கிறது.

இதற்கு அரசின் கொள்கையும் காரணம். வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை, இங்கேயே தயாரிக்கவேண்டும் என்று 1950களில் அரசு சொன்னது. 1928 முதல் பம்பாயில் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கிளம்பியது. அவர்கள் போனார்கள், அவர்கள் விற்ற கார்கள் போகவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் உதிரி கிடைக்காது. கிடைக்காத உதிரியை யாராவது செய்தாகவேண்டும். செய்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவர்கள். மாதிரியைக் கையில் வைத்து, வெர்னியரில் அளந்து, தேய்ந்ததைக் கணக்கில் சேர்த்து, தேயாத அளவை ஊகித்துக் கடைந்தார்கள். சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரை ஊகிப்பதும் இதே வேலைதான். அவர்களைப் புலவர்கள் என்கிறோம். இவர்கள் செய்ததை 'லோக்கல் சாமான்' என்கிறோம்.

1955இல் காட்சிக்கு வந்த சித்ரோன் டி.எஸ். காரைப் பற்றி ரொலான் பார்த் எழுதியிருக்கிறார். ஒட்டுத் தெரியாத அதன் வழவழப்பே அவரை ஈர்த்தது. நம் வண்டிகள் முழுக்க ஒட்டு. ஒட்டில்தான் யார் தொட்டார்கள் என்பது தெரியும்.

இப்போது சட்டமும் இதில் புகுந்துவிட்டது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதலில் பதிவாகி 50 ஆண்டுகள் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் 'விண்டேஜ்' ஆகலாம். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்கவேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக்கூடாது. மறுபக்கம், 15 ஆண்டு தாண்டிய சாதாரண வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 600இலிருந்து 5,000 ரூபாயாகவும், பைக்குக்கு 300இலிருந்து 1,000 ரூபாயாகவும் ஏறியது. சாக்குப் பையில் கிடந்த புஷ்ஷும் கவ்வியும் 'மாற்றம்' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பது வேறு விஷயம். டீசல் எஞ்சின் மாற்றிய ஜீப் நிச்சயம் அடங்கும். அதாவது, ஓடாமல் நின்ற வண்டி பாரம்பரியம். ஓடுவதற்காக மாறிய வண்டி பழைய இரும்பு. புகையைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. அதைச் சொல்லி எதையெல்லாம் சேர்த்துக் கழிக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

இதையெல்லாம் ஒரு சொற்பொழிவாக மெக்கானிக்கிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். 'நல்ல சாமான் கெடைச்சிருந்தா நான் ஏனுங்க தம்பி லேத்துக்கு ஓடறேன்? அந்தப் புஷ்ஷு ஆறு மாசம் தாங்குனா அதிகம். பத்தாவது வளைவுல பிரேக்கு புடிக்கலீன்னா உங்க வரலாறா வந்து புடிக்கும்?' பதில் இல்லை என்னிடம். ஒட்டுவேலையைக் கொண்டாடுவதும் பட்டறைக்கு வெளியே நிற்பவனின் ரசனைதான், தெரிகிறது. இல்லாமையில் பிறந்ததை அழகென்று சொல்ல, இல்லாமையை அனுபவிக்காத தூரம் வேண்டும்.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லை. நல்ல பதிப்பாசிரியன் தான் ஒதுக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் கொடுத்துவிடுவான். உ.வே.சா. பதிப்புகளில் பிரதிபேதங்களைப் பார்த்திருப்பீர்கள்; நாளை வேறொருவன் வேறு மாதிரி வாசிக்க அது வழி. வண்டியை மீட்பவர்களிடம் அந்த அடிக்குறிப்பு இல்லை. நம்பர் ஒத்த கார்ப்பரேட்டரைத் தேடிப் பல மாதம் அலைகிறார்கள், கழற்றியதை ஒரு போட்டோகூட எடுப்பதில்லை. எந்த வருஷம், யார், எதற்காக அதைப் போட்டார் என்று ஒரு பக்கம் எழுதிவைத்தால் போதும். உரிமையாளரிடம் இதைச் சொன்னேன். மரியாதையான மனிதர், நல்ல யோசனை என்றார். கூடவே, வண்டி ஏற்காட்டில் யாருடைய கை வழியாக வந்தது என்ற பட்டியலைத் தம் தாத்தாவிலிருந்து சொல்லத் தொடங்கினார். அதில் உரிமையாளர்கள் மட்டுமே இருந்தார்கள்.

மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனபோது வண்டி ஏறிப் போயிருந்தது. சாக்குப் பை இரும்புக் கடைக்குப் போயிருந்தது, எடைக்கு. லாரிப் பட்டையில் அடித்த அந்தக் கவ்வியை மட்டும் எடுத்து வைத்திருந்தார்.

'உங்களுக்குன்னு வெச்சேன். குரு அடிச்சது.'

குருவின் பேர் என்னவென்று கேட்டேன். எல்லாரும் ஆசாரி ஆசாரின்னுதாங்க கூப்புடுவோம் என்றார்.