செத்த காலேஜில் நம் பிள்ளைகளுக்கு இடம் எங்கே?

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னையின் உழைக்கும் மக்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’. காணும் பொங்கல் வந்தால் பிள்ளைகுட்டிகளோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பி வருவார்கள். பாடம் செய்த விலங்குகளையும் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்ட மக்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் வாயிலும் அந்த இடத்தின் பெயர் ‘காலேஜ்’தான். நாம் இதைச் சிரித்துவிட்டுக் கடந்து போகக் கூடாது. கற்க வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பெயரில் இருக்கிறது.

அந்தக் காலேஜ் நம்மை எப்படிப் பார்த்தது?

1851இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்துக்கு 1885இல் கண்காணிப்பாளராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன். கல்லையும் காசையும் பூச்சியையும் சேகரித்ததோடு அவர் நிற்கவில்லை. மனிதர்களையும் அளந்தார். தலையின் நீளம், அகலம், மூக்கின் நீளம், அகலம் எல்லாம் கணக்கு. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண்ணைக் கொண்டு யார் எந்த இனம், யார் உயர்வு, யார் தாழ்வு என்று சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்து ‘இன அறிவியல்’ நம்பியது. 1896இல் வெளிவந்த அருங்காட்சியக வெளியீடு ஒன்றில், சென்னை நகரத்துப் பார்ப்பனர்கள், கம்மாளர்கள், பள்ளிகள், பறையர்கள் ஆகியோரின் உடல் அளவுகள் அச்சாகியிருக்கின்றன. 1909இல் அவர் ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார்.

அதே அளவுகளைப் பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் திருப்பி வைத்தார். 1948இல் வெளியான ‘தீண்டப்படாதார்’ நூலில் இந்த மாதிரி மூக்கு அளவுகளையே எடுத்துப் போட்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனம் என்ற வாதம் நிற்காது என்று காட்டினார். எந்தக் கருவியைக் கொண்டு நம்மை அளந்தார்களோ அதையே பிடுங்கி அவர்களின் கதையை அளந்தார்.

இன்று அருங்காட்சியகங்களில், அதிலும் குறிப்பாகச் சிறுவர் அருங்காட்சியகங்களில், ‘பன்முகத்தன்மை’, ‘எல்லோரையும் உள்ளடக்குதல்’ என்ற பேச்சு அடிபடுகிறது. நல்லதுதான். ஆனால் நம்மைப் பொறுத்தவரை கேள்வி பழையதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் இருக்கிறோமா இல்லையா என்பது மட்டும் கேள்வியாக இருக்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் 1896லேயே இருந்தோம். பெட்டிக்குள் எதை வைப்பது என்று முடிவு செய்யும் மேசையில் நாம் இருக்கிறோமா?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே எழுப்பிப் போராடியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1972இல் மும்பையில் நம் தோழர்கள் ‘தலித் பேந்தர்ஸ்’ என்று பெயர் வைத்தபோது யாரைப் பார்த்து வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது.

தொட்டுப் பார்க்கும் உரிமை

உலகின் முதல் சிறுவர் அருங்காட்சியகம் 1899 டிசம்பர் 16 அன்று நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் திறக்கப்பட்டது. ‘தொடாதே’ என்று எழுதி வைக்காத அருங்காட்சியகம் என்பதுதான் அதன் பெருமை. பிள்ளைகள் பொருளைக் கையில் எடுக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். 1902இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்னா பில்லிங்ஸ் கேலப் என்ற பெண்மணி 1937 வரை அதை வளர்த்தெடுத்தார்.

‘தொடாதே’ என்ற சொல் நமக்கு வெறும் அறிவிப்புப் பலகை அல்ல என்பதால் இந்த இடத்தில் சற்று நிற்கிறோம். தொடலாம் என்று சொன்ன இடம் பெரிய இடம்தான். ஆனால் தொடுவதற்கு அங்கே வைத்திருந்த பொருட்கள் யாருடைய உலகத்தைச் சொல்லின? அந்தக் காலத்து அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தை எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எந்தக் கடைக்குப் போனாலும் வெள்ளை முகம்தான்.

அதன் விளைவை அளந்து காட்டியவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி. மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன்னால் ஒரே மாதிரியான பொம்மைகளை வைத்தார்கள். நிறம் மட்டும்தான் வேறு. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றன. ‘உன்னைப் போல இருப்பது எது’ என்ற கேள்வி வந்தபோது சில குழந்தைகள் அழுதன. பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்ட விரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்கில் இந்த ஆய்வும் எடுத்துக் காட்டப்பட்டது.

‘சின்னப் பிள்ளைகளுக்குச் சாதி தெரியுமா, நிறம் தெரியுமா’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மூன்று வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பெரியவர்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

இனி அனகோஸ்டியாவுக்கு வருவோம்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மாபெரும் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. யாரும் போகலாம். ஆனால் அனகோஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே இருந்த மக்கள் அங்கே அதிகம் போகவில்லை. ஊர், சேரி என்று பிரிந்த நிலத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வரச் சொல்வது வேறு.

அந்தக் கிழக்குக் கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1854இல் அங்கே ‘யூனியன்டவுன்’ என்ற குடியிருப்பு போடப்பட்டபோது கறுப்பினத்தவருக்கு மனை விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த மாபெரும் பேச்சாளர் பிரெடரிக் டக்ளஸ், 1877இல் அதே பகுதியில் குன்றின் மேல் வீடு வாங்கினார். 1960களில் அப்பகுதி பெரும்பாலும் கறுப்பின ஏழை மக்களின் குடியிருப்பாக மாறியிருந்தது.

1967 செப்டம்பர் 15 அன்று, அங்கே மூடிக் கிடந்த கார்வர் தியேட்டர் என்ற சினிமாக் கொட்டகையில் ஒரு சிறிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஸ்மித்சோனியனின் தலைவர் டில்லன் ரிப்ளியின் யோசனை அது. மக்கள் இங்கே வரவில்லை என்றால் நாம் அங்கே போவோம் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எண்ணத்தை வேறொன்றாக மாற்றியவர்கள் அந்தப் பகுதி மக்களும், இயக்குநராகப் பொறுப்பேற்ற ஜான் கினார்டும். கினார்ட் அருங்காட்சியகப் படிப்புப் படித்தவர் இல்லை. சமூகப் பணி செய்துகொண்டிருந்த இளம் கறுப்பினப் போதகர்.

தொடக்கத்தில் பிள்ளைகள் ஏறி உட்காரக்கூடிய விண்வெளிக் கூண்டு இருந்தது. 1890களில் அப்பகுதியில் இருந்தது போன்ற பலசரக்குக் கடை ஒன்றை அமைத்திருந்தார்கள். அதில் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைப் பிள்ளைகளே சுற்றலாம். காலணிப் பெட்டிகளில் சிப்பி, புதைபடிவம், பறவைத் தோல் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கலாம்.

ஆனால் அனகோஸ்டியாவை வரலாற்றில் நிறுத்தியது எலி.

அங்கே வந்த பிள்ளைகளிடம் பேசியபோது அவர்கள் வாயிலிருந்து வந்த விஷயம் எலி. வீட்டில் எலி, சந்தில் எலி, தூங்கும்போது கடிக்கும் எலி. அது அவர்களின் அன்றாடம். 1967 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில், நகரச் சேரிகளில் எலியை ஒழிக்க 4 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா வந்தபோது உறுப்பினர்கள் எலி ஜோக் அடித்துச் சிரித்தபடியே அதைத் தோற்கடித்திருந்தார்கள். ஏழைகளின் குழந்தைகளைக் கடிக்கும் எலி அவர்களுக்கு நகைச்சுவை.

1969இல் அனகோஸ்டியா அருங்காட்சியகம் ‘எலி: மனிதன் தானே வரவழைத்த துன்பம்’ என்ற கண்காட்சியை வைத்தது. உயிருள்ள எலிகளையே கொண்டுவந்து வைத்தார்கள். எலி எப்படி வாழ்கிறது, என்ன நோயைப் பரப்புகிறது, எப்படித் தடுப்பது என்ற விவரங்கள் இருந்தன. அதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய், ‘எங்கள் தெருவில் மட்டும் ஏன் குப்பை அள்ளுவதில்லை’ என்று கேட்கத்தானே செய்யும்?

அரும்பொருள் என்றால் மன்னரின் கிரீடம், கோயில் சிலை, அரிய நாணயம் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சேரிக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கும் எலியும் வரலாற்றுப் பொருள்தான் என்று சொல்ல அந்தக் குழந்தையிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. உள்ளடக்குதல் என்றால் நாங்கள் புரிந்துகொள்வது இதைத்தான்.

இதே காலத்தில் புரூக்ளினும் மாறியது. சிறுவர் அருங்காட்சியகம் இருந்த கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் பெருமளவில் குடியேறியிருந்தார்கள். பழைய கட்டடத்தை மாற்றிக் கட்டிய ஆண்டுகளில், 1968இல், ஒரு பழைய கார் ஷோரூமில் ‘மியூஸ்’ என்ற பெயரில் அருங்காட்சியகத்தை நடத்தினார்கள். அங்கே ஜாஸ் இசை வகுப்புகளும் நடந்தன. புதிய கட்டடம் 1977இல் திறந்தது.

எல்லாம் வெற்றிக் கதை என்றும் நினைக்க வேண்டாம். அனகோஸ்டியா அருங்காட்சியகம் 1987இல் கடைத்தெருவிலிருந்த தியேட்டரை விட்டு, தள்ளியிருக்கும் பூங்காப் பகுதிக்குப் போனது. கட்டடம் பெரிதானது. ஆனால் கடைக்குப் போகிற வழியில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இடமாக இருப்பது வேறு, கிளம்பிப் போய்ப் பார்க்கும் இடமாக இருப்பது வேறு. நிறுவனம் வளரும்போது தெரு எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது என்பதை நாமும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறு வயதுப் பெண்ணின் வகுப்பறை

‘இந்தக் கொடுமைகளை எல்லாம் குழந்தைகளுக்குக் காட்டலாமா, மனம் பாதிக்காதா’ என்று நல்லவர்கள் பலர் கேட்கிறார்கள். இண்டியானாபோலிஸ் சிறுவர் அருங்காட்சியகம் 2007இல் இதற்கு விடை சொன்னது. குழந்தைகளின் வலிமையைப் பற்றிய நிரந்தரக் கண்காட்சி ஒன்றை அங்கே திறந்தார்கள். அதில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க், எய்ட்ஸ் நோயால் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ரயன் வைட், இவர்களோடு ரூபி பிரிட்ஜஸ் இருக்கிறார்.

1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு ஆறு வயது ரூபி போனாள். வழியில் நின்று கூச்சலிட்ட கூட்டத்தைத் தாண்ட அரசுக் காவலர்கள் துணைக்கு வர வேண்டியிருந்தது. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓர் ஆண்டு முழுக்க ஒரே ஆசிரியை, ஒரே மாணவி. அந்த வகுப்பறையை அருங்காட்சியகத்தில் மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கொடுமையை அனுபவிக்க ஆறு வயது போதும் என்றால், அதைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் ஆறு வயது போதும். ‘குழந்தைகளுக்கு எதற்கு’ என்பவர்கள் யாருடைய குழந்தைகளைச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். சேரிப் பிள்ளைக்கு அந்தச் சலுகை என்றைக்கும் கிடைத்ததில்லை.

நம் பெட்டியில் என்ன இருக்கும்?

பள்ளிச் சுற்றுலாவில் பொம்மை வரிசை பார்த்திருப்பீர்கள். மாநிலத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண், பட்டுச் சேலை, தலைப்பாகை, கீழே ‘வேற்றுமையில் ஒற்றுமை’. உடைதான் வேற்றுமை என்றால் யாருக்கும் வலிக்காது. அந்தப் பட்டை நெய்தவர் யார், அந்தத் தெருவைக் கூட்டியவர் யார் என்று கேட்டால்தான் வலிக்கும்.

பறையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் வைத்து ‘தோல் கருவி’ என்று எழுதினால் அது பாதி உண்மை. அந்தத் தோலைப் பதப்படுத்தியது யார், சாவுக்கு அடிக்கச் சொல்லி யாரைக் கட்டாயப்படுத்தினார்கள், ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று எந்தச் சேரி மறுத்தது, இன்று நம் மாநாட்டு மேடைகளில் அதை ஏன் பெருமையோடு அடிக்கிறோம்? பறை அடிமைச் சின்னமா, விடுதலைச் சின்னமா என்று நம் இயக்கத்துக்குள்ளேயே வாதம் உண்டு. அந்த வாதத்தையும் பிள்ளைகள் முன்னால் வையுங்கள். அவர்களும் பேசட்டும்.

எங்கள் மாலைநேர வகுப்பில் அனகோஸ்டியாவின் காலணிப் பெட்டியைக் கடன் வாங்கினோம். வீட்டிலிருந்து ஒரு பொருளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னோம். நூறு நாள் வேலை அட்டை வந்தது. பாட்டியின் கருக்கரிவாள் வந்தது. ஒரு பையன் கொட்டாங்குச்சி கொண்டுவந்தான். ‘தாத்தாவுக்கு டீக்கடையில் இதில்தான் டீ ஊத்துவாங்களாம்’ என்றான். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியானது. பிறகு ஒரு பெண், ‘யார் ஊத்துனது? அவங்க வீட்டுப் பிள்ளைங்களும் இதைப் பார்க்கணும்ல அக்கா?’ என்று கேட்டாள்.

அருங்காட்சியக நிர்வாகங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

தோழர்களே, உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை பிள்ளைகளோடு போங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். செய்தவர் பெயர் இருக்கிறதா, ஆண்டவர் பெயர் மட்டும் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதி நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுங்கள். காட்சிப் பொருட்களைத் தேர்வு செய்யும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை உங்கள் சேரியிலேயே பெட்டிகளை அடுக்கி வையுங்கள்.

அந்தப் பெட்டிகளில் இருப்பது செத்த பொருள் இல்லை. நம் முன்னோர் ‘காலேஜ்’ என்று சொன்ன சொல்லுக்கு நாம் உயிர் கொடுப்போம்.

ஜெய்பீம்!